சாப் வீட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னல்

எங்கள் முதலாளி பெரிய சாப் வீட்டு ஜன்னலை நான் உடைக்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். நான் ரிடையர் ஆகி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் ஆம்பூரில் எங்கள் தோல் ஃபேக்டரி முழுக்க அந்தக் கதை கை கால் முளைத்து ஓடிக்கொண்டிருக்கிறது. டிரம் செக்‌ஷனில் நான் கோபத்தில் சுத்தியலை வீசினேன் என்கிறார்கள். பேக்கிங் பக்கம் போனால், அந்த வீட்டில் காற்றுக் கருப்பு இருந்தது, ஏழுமலைதான், அதாவது நான்தான், விரிஞ்சிபுரத்திலிருந்து விபூதி கொண்டுவந்து ஓட்டினான் என்கிறார்களாம். போன வாரம் லேபில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன் செய்தது. "அண்ணா, நீங்க முதலாளியையே மிரட்டிட்டீங்களாமே, நெஜமா?" என்று கேட்டது. சுத்தியல் பொய், விபூதி பொய். மிரட்டல் மட்டும் கொஞ்சம் நிஜம். ஒவ்வொருவருக்கும் போனில் பதில் சொல்லி மாளாது என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் விரிஞ்சிபுரத்துக்காரன். ஃபேக்டரியில் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரி, உப்பு போட்டால் ஊறுகாய் கெடாது என்பது மட்டும்தான். நாலு வருஷம், தோல் பதப்படுத்தச் சுழற்றும் பெரிய டிரம்மில் தோல் ஏற்றி இறக்கினேன். இடுப்பு போனது. லேபில் பீக்கர் கழுவ ஆள் இல்லை என்றார்கள். என் இடுப்புக்கு அது ஒத்துவரும் என்று போனேன். கழுவக் கழுவ அளக்கக் கற்றேன், அளக்க அளக்க எழுதக் கற்றேன், பதினைந்து வருஷத்தில் லேப் டெக்னீஷியன் என்று கார்டில் அடித்துக் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே பட்டம் அது, அதுவும் படித்துப் பாஸ் செய்யாமல்.

கார் சீட்டுக்குத் தோல் செய்ய ஆரம்பித்ததும் எங்களுக்கு ஒரு புதுச் சோதனை வந்து சேர்ந்தது. தோல் மெத்தென்று இருக்க அதற்கு எண்ணெய் ஊட்டுவோம். ஊட்டுவது ஜாஸ்தியாகிவிட்டாலோ, மட்டமான எண்ணெயாக இருந்தாலோ, வெயிலில் நிற்கிற காருக்குள் அது ஆவியாகி எழுந்து முன் கண்ணாடியில் மங்கலாகப் படிந்துவிடும். ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரியாது. வெளிநாட்டு வியாபாரி இதை முன்கூட்டியே பார்த்து எழுதித் தரச் சொல்வான்.

சோதனை என்னவோ சுலபம்தான். தோலில் வட்டமாக ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் போட வேண்டும். அது சுருளாமல் இருக்க மேலே ஒரு இரும்பு வளையம். பாத்திரத்தின் வாயை ஒரு கண்ணாடித் தட்டால் மூட வேண்டும். பாத்திரம் சுடும் எண்ணெய்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கும். மேலே இருக்கும் தட்டை மட்டும் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்ச்சியாகவே வைத்திருக்க வேண்டும். கீழே சூடு, மேலே குளிர். மூன்று மணி நேரம் இப்படி. பிறகு தட்டை எடுத்து ஆறவைத்து, அதன் பளபளப்பு எவ்வளவு குறைந்தது என்று மீட்டரில் பார்ப்போம். ஜாஸ்தி குறைந்தால் தோல் ஃபெயில்.

கஷ்டமெல்லாம் தட்டைக் கழுவுவதில் இருக்கிறது. அதற்குத்தான் திலகவதி மேடம் இருந்தார். லேபுக்குத் தலைவர். என்னை விடப் பதினாறு வயது சின்னவர். காலேஜில் தோலையே படித்துவிட்டு வந்தவர். குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. திட்ட மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். நாம் நீட்டிய தட்டை வாங்கி, ஜன்னல் பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு, "இன்னொரு தடவை பண்ணிடலாமா, ஏழுமலை அண்ணா?" என்பார். பண்ணிடலாமா என்று கேட்கிறாரே, வேண்டாம் என்று சொல்லலாம் போலிருக்கும். ஒருவரும் சொன்னதில்லை. ஏழு தடவை கழுவிய தட்டை எட்டாவது தடவை கழுவும்போது, இதற்கு நாலு கெட்ட வார்த்தை திட்டியிருக்கலாமே இந்தப் பொண்ணு என்று எனக்கு அழுகை வரும்.

ஒரு சமயம் நல்ல தோலெல்லாம் வரிசையாக ஃபெயில் ஆனது. எண்ணெய் சப்ளை செய்தவனைக் கூப்பிட்டு விசாரித்தோம். அவன் சாமி மேல் சத்தியம் செய்தான். மேடம் மூன்று நாள் எங்கள் பின்னால் நின்று ஒன்றுமே பேசாமல் பார்த்தார். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "அண்ணா, தலைக்கு இன்னா எண்ணெய் வெக்கிறீங்க?" என்றார். தேங்காய் எண்ணெய் என்றேன். என் மனைவி சரோஜா காலையில் உச்சியில் ஊற்றி வழிய வழியத் தேய்த்து அனுப்புவாள். யோசிக்கும்போது தலையைத் தடவிக்கொள்வது என் பழக்கம். தடவிய கையால் தட்டைப் பிடித்திருக்கிறேன். ஒரு கண்டெய்னர் தோலை என் மண்டை ஃபெயிலாக்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து சோதனை நாட்களில் எனக்கு எண்ணெய் தடை. "ஆபீஸ்ல எவளோ சொன்னாளாம், இவரு தலைய காயப் போட்டுக்கினு போறாரு" என்று சரோஜா அக்கம்பக்கத்தில் சொல்லி என் மானத்தை வாங்கினாள்.

இதெல்லாம் பழைய கதை. ஜன்னல் விவகாரம் நான் ரிடையர் ஆவதற்கு முந்தின வருஷம் நடந்தது.

அந்த வருஷம் பிஸ்கட் கலரில் ஒரு லாட் கார் சீட் தோல் போட்டோம். தொட்டால் விட மனசு வராது. பெரிய சாப் தானே டிரம் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடு, இன்னும் கொஞ்சம் விடு என்று சொல்லி மிருதுவாக்கிய தோல். நல்ல மனிதர். எந்தத் தொழிலாளி வீட்டுக் கல்யாணமானாலும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். அவருடைய தோலைக் குறை சொன்னால் மட்டும், அவர் பெற்ற பிள்ளையைச் சொன்னது போல முகம் மாறிவிடும். அந்தத் தோல் எங்கள் சோதனையில் ஃபெயில் ஆனது. லேசாக இல்லை. தட்டில் பெயரே எழுதலாம், அப்படிப் படிந்திருந்தது. மேடம் மூன்று தடவை செய்யவைத்துவிட்டு, ஃபெயில் என்று ரிப்போர்ட் எழுதிக் கொண்டுபோனார்.

சாப் தோலை ஒரு கையிலும் ரிப்போர்ட்டை ஒரு கையிலும் வைத்துப் பார்த்தார். "இன்னாம்மா இது? கண்ணாடி சொல்றத கேக்கச் சொல்றியா, என் கை சொல்றத கேக்கச் சொல்றியா?" என்றார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாமல் தன் டிராயரில் போட்டு மூடினார். லாட் கப்பலேறவில்லை. குடோனுக்குப் போனது. பிறகு அங்கிருந்து எங்கே போனது என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

அதே சமயத்தில் சாப் ஹைவே ஓரமாகப் புது வீடு கட்டி முடித்தார். ராத்திரி பகல் லாரி ஓடுகிற இடம். வெளிநாட்டுக்கு ஒரு கண்காட்சிக்குப் போனவர், அங்கே ஓட்டல் ரூமில் பூச்சி பறக்கிற சத்தம்கூட இல்லாமல் தூங்கினாராம். ஜன்னலில் இரண்டு கண்ணாடி, நடுவில் காற்று அடைத்திருந்தார்களாம். அதுவே வேண்டும் என்று நின்றார். அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "என் மச்சான் போடுவான் சாப்" என்றேன்.

மச்சான் என்றது சரோஜாவின் தம்பி சம்பத்தை. வேலூரில் காட்பாடி ரோடு பக்கம் அலுமினிய ஜன்னல் கடை வைத்திருக்கிறான். வேலை சுத்தம். அதுவரை செல்போன் கடைக்கும் பேக்கரிக்கும் கண்ணாடிக் கதவு போட்டுக்கொண்டிருந்தவன். இரட்டைக் கண்ணாடி போடக் கற்றுக்கொண்டு வந்திருந்தான், ஆனால் போட்டுப் பார்க்க ஒரு வீடு கிடைக்காமல் இருந்தது. சாப் வீடுதான் முதல் வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் முதலாளிகள் எல்லோரும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் விருந்துக்குப் போகிறவர்கள். ஒரு வீட்டில் நன்றாக அமைந்தால் அத்தனை வீட்டு வேலையும் அவனுக்கு வரும். கெட்டுப்போனால் இந்தப் பக்கத்தில் ஒருவனும் அவனைக் கூப்பிட மாட்டான். சம்பத்துக்கும் அது தெரியும். ஹாலில் மேற்குப் பார்த்த அந்தப் பெரிய ஜன்னலை மாட்டிய அன்று அவன் சாப்பிடவே இல்லை என்று சரோஜா சொன்னாள்.

ஜன்னல் மாட்டி இரண்டு மாதத்தில் மங்கியது. காலையில் பனி மாதிரி. மத்தியானமும் போகவில்லை. சாப் எனக்குப் போன் செய்து, "இன்னா ஏழுமலை, உன் மச்சான் ஜன்னலுக்கு ஜலதோஷமா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சம்பத் ஓடினான். இரட்டைக் கண்ணாடி மங்கினால் பார்க்கிற முறை ஒன்று உண்டு. முதலில் வெளிப்பக்கம் துடைக்க வேண்டும். போய்விட்டால் வெளியே படிந்த பனி, ஏசி குளிரால் வருவது, கவலை இல்லை. போகவில்லையென்றால் உள்பக்கம் துடைக்க வேண்டும். போய்விட்டால் அறைக்குள் இருக்கும் ஈரம், துணி காயப் போட்டாலும் வரும், சமைத்தாலும் வரும். இரண்டு பக்கம் துடைத்தும் போகவில்லையென்றால் ஈரம் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். ஓரத்துப் பசை விட்டுப்போயிருக்கும். நடுவில் ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய சட்டம், அதற்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். ஷூ டப்பாவுக்குள் சின்னப் பொட்டலம் போடுகிறோமே, அதே சாதி. அவை உறிஞ்சித் தீர்ந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டை போட்டுக் காயவைக்கிறேன் என்கிறவனை நம்பக் கூடாது. ஜன்னலின் அலுமினியச் சட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் கழற்றிப் புதிது மாட்ட வேண்டும்.

சம்பத் இந்த முறை பிசகாமல் செய்தான். வெளியே ஈரத்துணியால் துடைத்தான். உள்ளே ஈரத்துணியால் துடைத்தான். துடைத்த இடம் கொஞ்சம் தெளிந்தது போல இருந்து, காய்ந்ததும் திரும்ப மங்கியது. வீட்டில் வேலை செய்கிற அம்மாவும், "நான் தெனம் தொடைக்கிறேன் சார், உள்ள இருக்குற அழுக்க எப்பிடி தொடைக்கிறது?" என்று சாட்சி சொன்னார். நடுவில்தான் ஈரம் என்று தீர்மானித்து, சென்னையில் சொல்லிப் புதுக் கண்ணாடி வரவழைத்து மாட்டினான்.

ஆறே வாரத்தில் புதுக் கண்ணாடியும் மங்கியது.

இந்த முறை சாப் சிரிக்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு பார்க்க எல்லா முதலாளிகளும் வருகிறார்கள். அதற்குள் சரியாகவில்லையென்றால், இவன் வேலை எப்படி என்று வருகிறவர்களிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். அவர் சொன்னதை நான் வீட்டில் சொன்னேன். சரோஜா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். அது நல்லதற்கில்லை.

"உங்க சாப்புக்கு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

"ஜன்னல் மங்கிப் போச்சு, நான் இன்னா சொல்றது?"

"இத்தனை வருஷமா கண்ணாடில மங்குறத பாக்குற வேலதான பாக்குறீங்க? என் தம்பி ஜன்னல ஒரு தரம் போய்ப் பாத்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியை லேபில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆபீஸ் கண்ணாடி வேறு, வீட்டு ஜன்னல் வேறு என்று மண்டையில் சுவர் எழுப்பி வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் வேலூர் பஸ் ஏறினேன். சம்பத் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கழற்றி வந்த பழைய கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். எங்கே பசை விட்டது என்று பார்க்க ஓரத்தைக் கத்தியால் கீறி, இரண்டு கண்ணாடியையும் பிரித்துவிட்டிருந்தான்.

"மாமா, நடுவுல ஈரமே இல்ல மாமா" என்றான். "மணியெல்லாம் காஞ்சு கலகலன்னு இருக்குது. பசை எங்கயும் உடல. உள்பக்கம் பளபளன்னு புதுசாட்டம் இருக்குது. நல்ல கண்ணாடியப் போய் கழட்டிட்டேன்."

"அப்போ மங்கல் எங்க இருக்குது?"

"அதான் தெரில. இந்தக் கண்ணாடில, ரூமு பக்கம் பாத்த மூஞ்சில இருக்குது. ஈரத்துணி போட்டு எவ்ளோ தொடச்சேன் தெரியுமா?"

நான் குனிந்து விரலால் ஒரு கோடு இழுத்தேன். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். வழுக்கியது. ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். லேசாக வானவில் ஓடியது. இது எனக்குத் தெரியும். இதை ஆயிரம் தடவை கழுவியிருக்கிறேன். ஈரத்துணியால் துடைத்தால் எண்ணெய் எங்கே போகும்? இடம் மாறி உட்காரும், அவ்வளவுதான்.

"சம்பத்து, அந்த ஹால்ல ஜன்னலாண்ட இன்னா போட்டு வெச்சிருக்காங்க?"

"சோஃபா மாமா. புதுசு. ஜன்னல ஒட்டி நீளமா. சாப் அவரே தோலு குடுத்து செய்ய வெச்சாராம். உக்காந்தா எழுந்திரிக்க மனசே வர்ல."

"இன்னா கலரு?"

"பிஸ்கட்டு."

நான் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பகல் முழுக்கக் கதவு ஜன்னல் அடைத்த ஹாலில் மேற்கு வெயில். நன்றாக வேகிற சோஃபா. சாயங்காலம் வந்ததும் எதிர்ச்சுவரிலிருந்து ஏசி நேரே கண்ணாடி மேல் அடிக்கும். கீழே சூடு, மேலே குளிர். எங்கள் லேபில் பாத்திரத்துக்குள் உள்ளங்கையளவு செய்கிற சோதனையை, சாப் தன் வீட்டு ஹாலில் மூன்று நாலு மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்துப் போடாத அந்த ரிப்போர்ட்டை ஜன்னல் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள நுழைஞ்சதும் வாசன வர்லயாடா உனக்கு?" என்று சம்பத்தைக் கேட்டேன்.

"ஆம்பூர்ல வாசன எங்க மாமா தனியா வரும்?" என்றான்.

நியாயம்தான். வெளியூர்க்காரன் ஒருத்தன் அந்த ஹாலுக்குள் வந்திருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பான். தோலிலேயே பிறந்து தோலிலேயே வளர்ந்த எங்கள் ஒருத்தருக்கும் அது வாசனையாகவே படவில்லை.

திலகவதி மேடத்துக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். எதிர்ப்பக்கம் விசிலடித்த குக்கரை அணைத்துவிட்டு வந்தார்.

"அண்ணா, சார்கிட்ட வாயால சொல்லாதீங்க, காட்டுங்க. அவர் கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க."

"நீங்களும் வாங்க மேடம்."

"நான் வந்தா ரிப்போர்ட்டுக்குப் பழி வாங்க வந்த மாதிரி இருக்கும். வேணாம்." போனை வைப்பதற்கு முன், "பஞ்சு புதுசா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டேன். ஒரு பாட்டில் ஸ்பிரிட், புதுப் பஞ்சு. தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. சரோஜாவே, "வேணாம், நீங்க இப்பிடியே போங்க" என்று சொன்னாள். சம்பத் வேலூரிலிருந்து வந்து சேர்ந்து, நாங்கள் சாப் வீட்டுக்குப் போகும்போது மணி ஆறாகப் போனது. அவன் வாசலில், செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றுகொண்டான். உள்ளே வரச் சொன்னால் தலையாட்டினான், காலை எடுக்கவில்லை.

கொல்லைப்பக்கம் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. சாப் புதுச் சட்டையோடு ஹாலில் இருந்தார். "சரி பண்ணிட்டானா?" என்றார். நான் சோஃபாவைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டு, அதன் பின்னால் போய், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, லேபில் தட்டைத் துடைப்பது போல வட்டமாக ஒரு இடத்தை மட்டும் துடைத்தேன். அந்த வட்டத்தில் ஹைவேயில் போகிற லாரியின் நம்பர் பிளேட் தெரிந்தது. சுற்றிலும் பழைய மங்கல். பஞ்சை அவரிடம் நீட்டினேன்.

சாப் பஞ்சை வாங்கினார். விரலில் தேய்த்தார். அவர் தோல்காரர். வேறொன்றும் தேவைப்படவில்லை. சோஃபாவைப் பார்த்தார், ஏசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"லேப்ல நீங்க சொன்னது இதத்தானா?"

"ஆமா சாப்."

சோஃபா கையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இன்னிக்கு இத வெளிய சொல்ல வேணாம் ஏழுமலை. பேஜாராப் போய்டும். வர்றவங்க எல்லாம் தோல்காரங்க. இன்னிக்கு ஜன்னல்ல கோளாறுன்னு சொல்லிக்கலாம். உன் மச்சான நான் அப்புறம் பாத்துக்குறேன்."

முப்பது வருஷத்தில் அவரிடம் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வாசலில் சம்பத்தின் சட்டை முதுகு தெரிந்தது. வேர்த்து ஒட்டியிருந்தது. "சாப், இன்னிக்கு நீங்க அப்பிடி சொல்லிட்டா, அவனுக்கு அப்புறம்னு ஒண்ணு இருக்காது" என்றேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். ஃபேக்டரியில் நான் மிரட்டினேன் என்று ஓடுகிற கதை இவ்வளவுதான்.

சாப் பதில் சொல்வதற்குள் வெளியே கார் ஹாரன் கேட்டது. ஏழு மணிக்கு வரவேண்டியவர்கள் ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள். மிச்சக் கண்ணாடியைத் துடைக்க நேரமில்லை. ஜன்னல் முழுக்க மங்கல், நடுவில் மட்டும் தட்டு அளவுக்கு ஒரு தெளிந்த வட்டம். நான் பஞ்சோடு திரைச்சீலைப் பக்கம் ஒதுங்கினேன்.

எட்டுப் பத்துப் பேர் வந்தார்கள். தோல்காரர்கள் கை ஒரு இடத்தில் சும்மா இராது. எந்த வீட்டுக்குப் போனாலும் பெல்ட்டோ பையோ கண்ணில் பட்டால் கிள்ளி மடித்துப் பார்க்காமல் விட மாட்டார்கள். வாணியம்பாடிப் பெரியவர் ஒருவர், அங்கே எல்லோருக்கும் மூத்தவர், நேரே சோஃபாவுக்கு வந்து தோலைக் கிள்ளினார். நல்லா இருக்குது என்பது போலத் தலையாட்டினார். பிறகு நிமிர்ந்து அந்த வட்டத்தைப் பார்த்தார். வட்டத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியை ஒரு விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். அவர் திரும்ப ஒரு தடவை சோஃபாவைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"ஏசி ஜாஸ்தி போல" என்றார்.

"ஆமா, ஆமா, ஏசி ஜாஸ்தி" என்றார்கள் நாலைந்து பேர். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்து அவருடைய தோலைக் குறை சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. கண்ணாடிப் பக்கம் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள், தரையின் டைல்ஸைப் புகழ்ந்தார்கள். அப்போது பேரணாம்பட்டுக்காரர் ஒருவர், விவரம் புரியாமலோ புரிந்தோ, "லாரி சத்தமே கேக்கல பாய். ஜன்னல் யாரு போட்டது?" என்று கேட்டுவிட்டார்.

சாப் வாசலைப் பார்த்தார். செருப்புகளுக்கு நடுவில் சம்பத் நின்றிருந்தான், அவனும் அவரைப் பார்த்தான். கோளாறு ஜன்னலில் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வந்திருந்த அத்தனை பேரும் தெரிந்துகொண்டே ஒத்துக்கொண்டிருப்பார்கள். அவர் மானம் தப்பும்.

"இதோ, இந்தப் புள்ளதான் போட்டான்" என்றார் சாப். "ரெண்டு தரம் போட்டான். ரெண்டு தரமும் ஒழுங்காத்தான் போட்டான். நான்தான் திட்டினேன்." சோஃபாவைக் கையால் தட்டினார். "ஜன்னல் மேல தப்பு இல்ல. தோல் என்னுது."

சாப் ஜன்னல் பக்கம் போய், மங்கிய கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"எங்க லேப்ல ஒரு பொண்ணு இருக்குது. முன்னாடியே எழுதிக் குடுத்துச்சு. நான்தான் கேக்கல."

வாணியம்பாடிப் பெரியவர் முதலில் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "உன்னுது ஊட்டு ஜன்னலோட போச்சு. என்னுது கப்பல் ஏறிப் போய்ட்டு, போன மாதிரியே திரும்பி வந்துச்சு. ஆறு மாசம் என் பொண்டாட்டிகிட்ட கூட சொல்லல" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்தருக்குப் பூஞ்சை, ஒருத்தருக்குச் சாயம் வேட்டியில் ஒட்டியது, ஒருத்தருடைய ஷூ மாப்பிள்ளை காலில் பந்தலிலேயே பிளந்தது. பிரியாணி ஆறும் வரை சொன்னார்கள். சம்பத்தை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவன் சோஃபாவில் உட்காராமல், பிளாஸ்டிக் நாற்காலி இருந்தால் போதும் என்றான். கை கழுவும்போது நாலு வீட்டு விலாசம் அவன் செல்போனில் ஏறியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்பிரிட் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

திங்கட்கிழமை காலை சாப் லேபுக்கு வந்தார். டிராயரில் இருந்த பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து, மேடம் மேஜையில் வைத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். மேடம் அதை வாங்கி, ஒரு கண்ணை மூடிப் பார்க்காமல், அப்படியே ஃபைலில் வைத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் ரிடையர் ஆன அன்று சாப் எனக்கு மாலை போட்டு, தோளில் கை போட்டு, "உனக்கு ஒரு சாமான் அனுப்பறேன்" என்றார். மறுநாள் டெம்போவில் அதே பிஸ்கட் கலர் சோஃபா வந்து இறங்கியது. சரோஜா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் கீழே உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த வாரமே சம்பத், தன்னைக் காப்பாற்றிய மாமாவுக்கு நன்றிக்கடன் என்று, கேட்காமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுப் படுக்கையறைக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் கொண்டுவந்து மாட்டினான். வேண்டாமென்று நான் சொன்னதற்கு அக்காவும் தம்பியும் சேர்ந்து சண்டைக்கு வந்தார்கள். இப்போது அவன் ஜன்னல் போட நினைக்கிறவர்களையெல்லாம் மாதிரி காட்ட எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டி வருகிறான். வருகிறவர்கள் கண்ணாடி பளிச்சென்று இருப்பதைப் பார்த்துவிட்டு, திருப்தியாக ஆர்டர் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஹாலில் சோஃபா இருக்கிறது, படுக்கையறையில் ஜன்னல் இருக்கிறது, நடுவில் ஒரு கதவு இருக்கிறது. சரோஜா காற்று வரட்டும் என்று அதைத் திறப்பாள். நான் எழுந்து போய்ச் சாத்துவேன். எனக்கு ரிடையர்மென்ட் என்று யார் சொன்னது?